சோளக்கிண்ணி கேட்ட மகனுக்கு

சவரியம்மாளின் மகள் அருளாயி வயிற்றுக் கடுப்பால் சாகவில்லை. நீயும் நானும் வாயை மூடிக்கொண்டு நின்றதால் செத்தாள். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் பெற்ற தகப்பன் இப்படியா ஒரு கடிதத்தைத் தொடங்குவான் என்று உனக்குக் கோபம் வரும், லூர்து. வரட்டும். உன் கடிதம் வந்த நாளிலிருந்து நாலு தடவை காகிதத்தை எடுத்து வைத்துவிட்டேன். வேறு முதல் வரி எனக்கு வரவில்லை. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன் ஆபீஸில் யாராவது பிரித்துப் பார்த்தாலும் சரி. ஒளித்து வைத்துப் பழகிய குடும்பம் நம்முடையது. அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நீ கேட்டது சின்னக் காரியம். காலையில் தேவதானப்பட்டிக் கோவிலில் கல்யாணப் பூசை, மதியம் பெண் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் தேனியில் உன் முதலாளி பங்களாவில் டீ பார்ட்டி. முதலாளி, மேனேஜர், டாக்டர், மதுரையிலிருந்து வருகிற வியாபாரிகள் எல்லாரும் இருப்பார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், அவன் நின்றுகொண்டே தின்கிற பழக்கம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. "வடையும் கேசரியும் யாரும் போடுவார்கள், நம்ம பங்களாச் சோளக்கிண்ணியை வேறு யாரும் போட முடியாது. வீட்டிலேயே முந்தின நாள் தயார் பண்ணி இருநூறு கிண்ணி கொண்டுவாருங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதுவரை படித்துவிட்டு எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி வரியில்தான் நீ யார் என்பதைக் காட்டினாய். "சவரியக்காவும் லயத்து ஆட்களும் மறுநாள் நம் வீட்டில் சாப்பிடட்டும். சாயங்காலப் பார்ட்டிக்கு வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்." பக்குவமாக! அந்த வார்த்தையை என்னிடம் உபயோகிக்க உனக்குக் கை கூசவில்லை.

முதலில் பக்குவத்தை எழுதிவிடுகிறேன். நான் வந்தாலும் வராவிட்டாலும் இனி இது யாருக்கும் ரகசியமாக இருக்கக் கூடாது. ஒரு படி மக்காச்சோளத்தைக் கல் பொறுக்கிக் கழுவு. கொட்டைப்பாக்களவு சுண்ணாம்பை, வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பைத்தான், தண்ணீரில் கரைத்துச் சட்டியில் ஊற்று. சோளத்துக்கு மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். மணி நல்ல மஞ்சளாகி, நகத்தால் கீறினால் தோல் வழுக்குகிற வரை எரித்தால் போதும். அதற்கு ஒரு கட்டு விறகு வேண்டாம், நாலு சுள்ளி போதும். இறக்கி மூடி வை. மறுநாள் காலையில் கையால் பிசைந்தால் தோல் தானாகக் கழன்று மிதக்கும். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசு. அலசாமல் விட்டால் நாக்கு வெந்துபோகும். பிறகு அம்மியில் அரை. ஆட்டுக்கல் தண்ணீர் அதிகம் கேட்கும், மாவு நிற்காது. நெல்லிக்காயளவு உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டி, காய்ந்த தோசைக்கல்லில் போடு. அடிப்பக்கம் வெந்ததும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் ஓரத்தைச் சுற்றிலும் கிள்ளி நிமிர்த்து. விரல் சுடத்தான் செய்யும். ஆறவிட்டுக் கிள்ளினால் வெடித்துவிடும். பார்த்தால் சின்னக் கிண்ணி போல இருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு அடியை மட்டும் சிவக்க எடு. உள்ளே மசித்த மொச்சை. அதற்கு மேல் சுட்ட தக்காளியும் ஊறவைத்த மிளகாய் வற்றலும் சேர்த்து அரைத்த துவையல், பொடிசாக நறுக்கிய வெங்காயம், இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. பழனி மலையில் பாதிரிமார் தோட்டத்து வெண்ணெய்ப்பழம் கிடைத்தால் உப்புப் போட்டு மசித்து நுனி விரலால் மேலே வை. ஒரு வாய்க்கு ஒன்று. அதைவிடப் பெரிதாகப் போகக் கூடாது. ஒரு கையில் கிளாஸ் வைத்திருப்பவர்கள் மறு கையால் எடுத்து அப்படியே போட்டுக்கொள்வார்கள், பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.

இது நம் ஊர்ப் பலகாரம் இல்லை என்பது உனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. அமெரிக்காவுக்குத் தெற்கே மெக்சிகோ என்று ஒரு தேசம் இருக்கிறதாம். நான் சமையல்காரனாக இருந்த தேயிலைத் தோட்டத்துத் துரைசாணியின் தகப்பனார் அங்கே வெள்ளிச் சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்தவர். துரைசாணி பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் வளர்ந்தார். தேவாரம் ஊருக்கு மேலேயுள்ள மலையில், அந்த மழையிலும் அட்டையிலும் வந்து குடியேறிய பிறகு அவருக்கு அந்த ருசி ஞாபகம் வந்துவிட்டது. பங்களாவுக்குப் பின்னால் பாத்தி போட்டு மக்காச்சோளம் விதைத்தார். குசினிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் விரலையும் சுட்டுக்கொண்டு எனக்குக் கிள்ளக் காட்டிக் கொடுத்தார். முதல் பார்ட்டியில் வெளியே போன தட்டு துடைத்துவிட்ட மாதிரி திரும்பி வந்தது. அன்று என்னைக் கூப்பிட்டு, இந்தப் பக்குவம் அடுத்த பங்களாக் குசினிக்குப் போகக் கூடாது, இது என் வீட்டு வாசனை என்றார். நானும் மார்பில் கை வைத்துத் தலையாட்டினேன். அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். குசினிக்காரர்களின் குணம் உனக்குத் தெரியும். புட்டிங் இறக்குகிற நேரத்தில் கதவைச் சாத்துவோம். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வோம், ஒரு சாமானைக் குறைத்துச் சொல்வோம். அடுத்த தோட்டத்துக் குசினிக்காரன் இஞ்ஞாசிக்கும் எனக்கும் பத்து வருஷமாக இதுதான் சண்டை. என் கிறிஸ்துமஸ் கேக்கின் பக்குவத்தை, பாத்திரம் கழுவ வந்த பெண்ணை வைத்துக் கறந்துவிட்டான். அந்த இஞ்ஞாசியின் கூடப் பிறந்த தங்கைதான் சவரியம்மாள். புருஷன் செத்து, மூன்று வயதுப் பிள்ளையோடு நம் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில், லயத்தில், குடியிருந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

யுத்தம் முடிந்தும் அரிசி வராத அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். தேவாரத்திலிருந்து ஒரு படி அரிசியை மேலே கொண்டுபோக முடியாது. அடிவாரத்திலேயே சர்க்கார் ஆட்கள் மடியை அவிழ்த்துப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். தோட்டத்து ஸ்டோரில் அரிசிக்குப் பதிலாகக் கப்பலில் வந்த மக்காச்சோளத்தைப் போட்டார்கள். அதை அளந்து போட்டது நீ. பதினெட்டு வயதில் உனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். லயத்துப் பெண்கள் அதை நம் ஊர்ச் சோளம் மாதிரி நினைத்து உரலில் இடித்தார்கள். அது இடிபடுகிற ஜாதி இல்லை. கல் மாதிரி உடையும், உடைந்தது வேகாது. மணிக்கணக்காக எரிக்கலாம் என்றால் விறகு இல்லை. காட்டில் ஒரு கிளை ஒடித்தால் கங்காணி அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அரைவேக்காட்டுக் குருணையைப் பெரியவர்கள் எப்படியோ விழுங்கினார்கள். பிள்ளைகளுக்கு அப்படியே போயிற்று, பிறகு ரத்தமாகப் போயிற்று. அதே மலையில், கூப்பிடு தூரத்தில், நான் அதே தானியத்தை வெண்ணெய் மாதிரி அரைத்து, துரைமார்கள் விஸ்கியோடு வாயில் போட்டுக்கொள்ளக் கிள்ளிக் கிள்ளி அடுக்கிக்கொண்டிருந்தேன். லயத்தில் ஒவ்வொருவர் வெற்றிலைப் பையிலும் சுண்ணாம்பு இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தெரியும். குசினிக்கு வந்து போன உனக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்கிறேன், நீ ஒரு வார்த்தை மறுத்துப் பார். சாயங்காலம் பார்ட்டி. நண்பகலில் நீ ஸ்டோரிலிருந்து சீனி கொண்டுவந்தாய். பசியாக இருப்பாய் என்று நாலு கிண்ணியை உன் கையில் வைத்தேன். அப்போதுதான் குசினியின் அரைக்கதவுக்கு வெளியே சவரியம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் அருளாயி. பிள்ளையின் கால் இரண்டும் துணி தொங்குகிற மாதிரி தொங்கின.

"அண்ணே, ஒங்க சோளம் மட்டும் எப்படிண்ணே பஞ்சா இருக்கு?" என்று கேட்டாள். "நேத்து இங்கன குப்பக்குழியில ஒண்ணு கெடந்துச்சு. எடுத்துத் தொடச்சுப் பிள்ளைக்குக் குடுத்தேன். அது மட்டுந்தேன் வயித்துல தங்குச்சு. என்னமோ போடுறீகளாமே, அதச் சொல்லுங்கண்ணே."

குப்பைக்குழியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்று ஒரு தாய் சொல்கிறாள். என் காதில் அது ஏறவில்லை. "என்னமோ போடுறீகளாமே" என்பது மட்டும் ஏறியது. இஞ்ஞாசி அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். கேக்குக்கு ஒருத்தியை அனுப்பினவன் இதற்குத் தங்கையையே அனுப்பியிருக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

"ஒங்கண்ணன் சௌக்கியமா இருக்காகளா?" என்று கேட்டேன்.

"அவுக பேச்சு எதுக்குண்ணே இப்ப?" என்றாள். அவளும் இஞ்ஞாசியும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது அது மழுப்பலாகப் பட்டது.

"நல்லா வேக வையி. வெறகு காணாது, அதேன்" என்று சொல்லிவிட்டு அரைக்கதவை இழுத்துச் சாத்தினேன். வேகாத பொய் என்றால் அதுதான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. அலமாரி ஓரமாக நின்ற உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ கையைப் பின்னால் கொண்டுபோனாய். அவ்வளவுதான் நான் பார்த்தேன். அவர்கள் போன பிறகு அன்றைக்கு நூற்று எண்பது கிண்ணி கிள்ளினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் பிள்ளை செத்தது. டீப்பெட்டிப் பலகையில் தச்சர் ஒரு பெட்டி அடித்தார். நான் மண் போடப் போனேன், நீ வரவில்லை, ஸ்டோரில் வேலை என்றாய். ஞாயிற்றுக்கிழமை உன் ஆத்தா உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்து, பையைப் பார்த்து, "ஏலே, இது என்னடா? மாவும் எண்ணெயும் அப்பிக் கெடக்கு" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "அன்னைக்கு அந்தக்கா வந்தப்ப வச்சது." அந்தப் பிள்ளை பார்க்கிறதே என்று நாலு கிண்ணியையும் பைக்குள் போட்டிருக்கிறாய். பிறகு தின்னவும் மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. இஞ்ஞாசி அனுப்பித்தானே வந்தாள் என்று நான் கேட்டேன். "அவுக அனுப்பலய்யா. அன்னைக்குக் காலையில வரிசையில நிக்கையிலயே பாத்தேன். அந்தப் பிள்ளைக்குத் தல நிக்கல. எல்லார்கிட்டயும் என்ன செய்யன்னு கேட்டுக்கிட்டுத்தேன் இருந்துச்சு அந்தக்கா" என்றாய். அதை ஏன் அங்கேயே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீகளா?" என்றாய். உனக்குக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை தருவதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்த மாதம் அது. லயத்து ஆட்களோடு பங்களாச் சமாச்சாரம் பேசாதே என்று உன்னிடம் அவர் சொல்லியிருந்தார். எனக்கு என் பக்குவம், உனக்கு உன் உத்தியோகம். நடுவில் ஒரு பிள்ளை.

உன் ஆத்தா அழவில்லை. "நீங்க போய்ச் சொல்றீகளா, நான் போய்ச் சொல்லவா?" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். துரைசாணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்று நான் இழுத்தேன். சட்டையை அப்படியே போட்டுவிட்டு, சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஈரக் கையோடு லயத்துக்குப் போனாள். வீடு வீடாக ஏறி இறங்கிக் காட்டிக் கொடுத்தாள். அதன்பிறகு வயிற்றுக் கடுப்பு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது. எந்தப் பிள்ளையும் அப்புறம் சாகவில்லை.

நான் துரைசாணியிடம் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மெக்சிகோ தேசத்தில் தங்கள் வீட்டு வேலைக்காரர்களும் சுரங்கக் கூலிகளும் மூன்று வேளையும் தின்பது இதே சுண்ணாம்புச் சோளம்தான், அங்கே அது தெரியாத பிச்சைக்காரன்கூடக் கிடையாது, இஞ்ஞாசியின் குசினிக்குப் போகக் கூடாது என்றுதானே சொன்னேன், லயத்துக்குச் சொல்லக் கூடாது என்று எப்போது சொன்னேன் என்று கேட்டார். அவர் அப்படிச் சொல்லவில்லைதான். அதே சமயம், பங்களா ஜன்னலைத் திறந்தால் லயத்துப் புகை தெரியும்; மூட்டை மூட்டையாகச் சோளம் மேலே போவதை அவர் தினமும் பார்த்தார்; அதை இவர்கள் எப்படித் தின்கிறார்கள் என்று அவருக்கும் ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை. கூலிகள் அங்கே கண்டுபிடித்த சாப்பாடு துரை வீட்டுக்கு வாசனையாகப் போய், கப்பலேறி வந்து, இங்கே கூலிகளின் வாசல்வரை வந்து நின்றுவிட்டது. நிறுத்தியவன் நான். அந்த வாரமும் பார்ட்டி நடந்தது. நானும் கிண்ணி போட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சவரியம்மாளிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. போனபோது அவள் சுண்ணாம்பில் வெந்த சோளத்தை அலசிக்கொண்டிருந்தாள். அன்று கதவைச் சாத்தியது ஏன் என்று சொன்னேன். இஞ்ஞாசி பெயரையும் சொன்னேன். அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. "இம்புட்டுத்தானாண்ணே?" என்றாள். மன்னிப்பா, திட்டா, எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "இந்தச் சுண்ணாம்புப் பக்குவம் அன்னைக்கே ஒங்க மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அதான பாத்தேன். ஈவு எரக்கமுள்ள பய. அன்னைக்குக்கூட அளக்கையில எம்பிள்ளையப் பாத்துட்டு ஒரு கை சேத்துப் போட்டான். அவன் நல்லாருக்கணும்" என்றாள்.

அந்த ஒரு பொய்யின் மேல்தான் அவள் உன்மேல் வைத்திருக்கிற பிரியம் எல்லாம் நிற்கிறது, லூர்து. மலைக்காய்ச்சலில் நீ பிதற்றிக்கொண்டு கிடந்த ஒன்பது நாளும் கொழுந்துக்குப் போகாமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாளே, அது அந்த ஒரு கைச் சோளத்துக்காக. இப்போது கல்யாணத்துக்கு என்ன சேலை கட்ட என்று உன் ஆத்தாவிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள். அவளைத்தான் மறுநாள் வரச் சொல் என்கிறாய். அவள் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றுவிடுவாளே என்ற கூச்சம் மட்டும் இது என்று நான் நம்பவில்லை. தட்டில் அந்தக் கிண்ணியை அடுக்கி வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்தப் பலகாரத்தைக் கேட்டது நான் இல்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். கதவைச் சாத்தியவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷமாக உன் ஆத்தாவும் நானும் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் கோபப்பட்டதே இல்லை. சோறு போடுவாள், காய்ச்சலென்றால் கஷாயம் தருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். என்னிடம் எதையும் அவள் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பது உனக்கு வரக் கூடாது. தேவதானப்பட்டியிலிருந்து வரப்போகிற அந்தப் பெண் எந்தப் பாவமும் செய்யவில்லை.

இருநூறு கிண்ணியும் போட்டுத் தருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் ஆத்தா அரைப்பாள், நான் கிள்ளுகிறேன். அதற்கு முன்னால் நீ இங்கே வர வேண்டும். சவரியம்மாள் இப்போது மலையிலிருந்து இறங்கி, தேவாரத்தில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருக்கிறாள். நான் கூட வர மாட்டேன். நீ தனியாகப் போய், சுண்ணாம்பு விஷயம் எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும் என்று சொல்ல வேண்டும். என் அப்பன் உன்னிடம் பொய் சொன்னான் என்பதையும் சொல். அதன்பிறகு அவள் பார்ட்டிக்கு வருவதும், உன் முகத்தில் துப்புவதும் அவள் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா.

மேலே உள்ளதை எழுதி அனுப்பிப் பத்து நாளாயிற்று. இரண்டு ஞாயிறும் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கம்பத்து வியாபாரிகள் இறங்கினார்கள், கன்னியாஸ்திரீகள் இரண்டு பேர் இறங்கினார்கள். நீ இறங்கவில்லை. ஒரு வரி பதிலும் இல்லை. கடிதம் கைக்கு வரவில்லை என்று நீ சொல்லக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் மறுபடி பிரதி எடுத்து அனுப்புகிறேன். நேற்று சவரியம்மாள் வீட்டுக்கு வந்து, "மாப்பிள்ளை எப்ப வாராரு?" என்று கேட்டாள். உன் ஆத்தா என்னைப் பார்த்தாள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எந்த பஸ்ஸில் வருகிறாய், சொல்.